காரீயம் ஈன்ற கிரபீன்

உலகிலுள்ள மூலகங்களுள் காபனைப் போலப் பல்வேறு உருக்கொள்வது பிறிதொன்றில்லை எனலாம். அடுப்பிலே விறகு எரிந்தபின் எஞ்சும் கரியிற் பெரும்பகுதி காபன். அணிகலனிற் பதித்த வைரமும் காபன். மாணவனின் பென்சிலுக்குள் கருங்கோலாய் அமைந்து, எழுத எழுதத் தேய்ந்து போகும் பொருளும் காபனே. வைரம் கண்ணாடியை அறுக்கும். பென்சிற்கரியோ நகம் பட்டாலே சுரண்டுப்படும். இவ்விரண்டும் ஒரே மூலகத்தாலானவையாயிருந்தும் குணத்தால் இத்துணை மாறுபடுவதற்குக் காரணம், அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து நிற்கும் ஒழுங்கு வேறுபடுவதேயாகும். அவ்வொழுங்கின் ஒரு விந்தையே இன்று கைத்தொழில் உலகிற் பெரிதும் பேசப்படும் கிரபீன் என்னும் பொருள்.

கிரபீனை அறிய விரும்புவோர் முதலில் அதன் தாய்ப்பொருளாகிய காரீயத்தை அறிதல் வேண்டும். இலங்கையிற் பென்சிற்கரிக்குக் காரீயம் என்ற பெயர் வழங்கி வருகின்றது. கரிய ஈயம் என்பதே இச்சொல்லின் பொருள். ஆங்கிலேயரும் ஒருகாலத்தில் இதனைக் கறுப்பு ஈயம் என்றே அழைத்தனர். எனினும் இதில் ஈயம் அணுவளவும் இல்லை. இது காபனின் ஒரு வடிவம் என்பதைச் சுவீடன் நாட்டு இரசாயனவியலறிஞர் ஷீலே 1779ஆம் ஆண்டில் நிறுவினார். உண்மை வெளிப்பட்ட பின்னரும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. பெயரொன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் இந்நிலை, பின்னர்க் காணப்போவதுபோல, கிரபீன் வணிகத்திலும் வேறொரு வகையில் மீண்டும் தோன்றியுள்ளது.

காரீயத் துண்டொன்றின் உள்ளமைப்பு, தாள்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வைத்த கட்டுப் போன்றது. ஒவ்வொரு தாளிலும் காபன் அணுக்கள் அறுகோண வடிவில், தேன்கூட்டின் கண்ணறைகளைப்போல, இணைந்துள்ளன. ஒரே தாளிலுள்ள அணுக்களிடையே நிலவும் பிணைப்பு மிக உறுதியானது. ஆனால் ஒரு தாளுக்கும் அதன் மேலுள்ள தாளுக்கும் இடையிலான கவர்ச்சி மிக மெலிது. இதனாலேயே காரீயத்தைக் காகிதத்தில் உரசும்போது அடுக்குகள் வழுக்கிப் பிரிந்து காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பூட்டுக்கும் பொறிக்கும் மசகாகவும் அது பயன்படுகின்றது. அடுத்தடுத்த இரு தாள்களுக்கு இடைப்பட்ட தூரம் 0.335 நனோமீற்றர். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டதில் ஒரு கூறு. ஆகவே ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள காரீயத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் தாள்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் தனித்தெடுத்த ஒரு தாளே கிரபீன். அதன் தடிப்பு ஓர் அணுவின் தடிப்பேயாகும்.

இத்தகைய தாளொன்றின் மின்னியல்பு எவ்வாறிருக்கும் என்பதை வாலஸ் என்னும் அறிஞர் 1947ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டினார். காரீயத்தின் இயல்பை விளக்குவதற்கு எடுத்துக்கொண்ட எளிய கணக்காகவே அது கருதப்பட்டது. தனித்த தாளொன்று நிலைத்து நிற்கும் என எவரும் எண்ணவில்லை. ஓர் அணுத் தடிப்புள்ள பளிங்கு வெப்ப அதிர்வினாற் குலைந்துவிடும் என்று பெயெள்ஸ், லந்தோ முதலிய பௌதிகவியலார் 1930களிற் கூறியிருந்தனர். 1962ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த போம் என்பவரும் அவர்தம் குழுவினரும் மிக மெல்லிய காபன் தகடுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டு அறிவித்தனர். எனினும் அத்தாளைப் பிரித்தெடுத்து, மின்முனைகளைப் பொருத்தி, அதன் இயல்புகளை அளந்து காட்டும் பணி 2004ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

அப்பணியைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்திரே கெயிம், கொன்ஸ்ரன்ரீன் நொவோசெலொவ் என்னும் இருவரும் அவர்தம் கூட்டாளரும் ஆவர். அவர்கள் கையாண்ட கருவி கடையிற் கிடைக்கும் ஒட்டுநாடா. காரீயத்தின்மேல் நாடாவை ஒட்டி இழுத்தனர். அதில் ஒட்டிவந்த படலத்தை மீண்டும் மடித்து ஒட்டிப் பிரித்தனர். ஒவ்வொரு முறையும் படலம் மெலிந்தது. இறுதியில் எஞ்சியதைச் சிலிக்கன் தட்டொன்றின்மேற் படியவைத்தனர். அத்தட்டின் மேற்பரப்பில் இருந்த ஒட்சைட்டுப் படையின் தடிப்பு பொருத்தமாக அமைந்தமையால், ஓரணுத் தாளும் சாதாரண நுணுக்குக்காட்டியில் மங்கிய நிறவேறுபாடாகத் தென்பட்டது. கண்ணுக்குத் தெரிந்தமையால் அதனை அளக்க முடிந்தது. இவ்வாய்வுக்காக 2010ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது.

அளந்து கண்ட இயல்புகள் வியப்புக்குரியவை. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த சோதனையிற் கிரபீன் தாள் அறுவதற்குத் தேவையான இழுவிசை, அதே தடிப்புள்ள உருக்குக்கு வேண்டியதைப் போல நூறு மடங்கிற்கும் மேற்பட்டதென அறியப்பட்டது. வெப்பத்தை அது செம்பைவிடப் பன்மடங்கு விரைவாகக் கடத்தும். இலத்திரன்கள் அதனூடே தடையின்றி விரையும். தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 2.3 சதவீதத்தை மட்டுமே அது கவர்ந்து, எஞ்சியதை ஊடுசெல்ல விடும். ஆகவே அது மின்கடத்தும் கண்ணாடி போன்றது. பழுதற்ற தாளினூடே ஈலியம் வாயுவும் புகமாட்டாது. ஒரு கிராம் கிரபீனை விரித்துப் பரப்பினால், இருபுறமும் சேர்ந்து 2,600 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பரப்பு உண்டாகும். நோபெல் பரிசையொட்டி வெளியான விளக்கக் குறிப்பில் ஓர் உவமை கூறப்பட்டுள்ளது: ஒரு சதுர மீற்றர் கிரபீனால் தூளி கட்டினால், நாலு கிலோகிராம் நிறையுள்ள பூனை அதிலே படுத்துறங்கலாம், அத்தூளியின் நிறையோ பூனையின் ஒரு மீசைமயிரின் நிறைதான்.

இவ்வியல்புகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு காபன் அணுவும் தனது நான்கு வெளி இலத்திரன்களுள் மூன்றைக் கொண்டு பக்கத்து மூன்று அணுக்களை இறுகப் பிணைக்கின்றது. தாளின் வலிமை இப்பிணைப்பினால் வருவது. இலேசான அணுக்கள் இறுகக் கட்டுண்டிருப்பதால் வெப்ப அதிர்வும் விரைந்து பரவுகின்றது. நான்காவது இலத்திரன் ஓரணுவுக்கு உரியதாய் நில்லாமல் தாள் முழுவதிலும் உலாவுகின்றது. மின்கடத்தும் ஆற்றல் அதனால் வருவது. ஆனால் இங்கே ஒரு வரையறையை மனங்கொள்ள வேண்டும். மேலே கூறிய எண்களெல்லாம் பழுதற்ற ஒற்றைத் தாளுக்கு உரியவை. தாளில் ஓட்டையோ மடிப்போ பிறவணுக்களின் கலப்போ நேர்ந்தால் அவை குறையும். தாளின்மேல் தாள் சேரச்சேர அவ்வியல்புகள் சாதாரண காரீயத்தின் இயல்பை நோக்கி இறங்கும். ஆகவே கைத்தொழிலின் முழுச் சிக்கலும் ஒரு வினாவில் அடங்கும்: ஆய்வுகூடத்தில் ஒரு துகளிற் கண்ட குணத்தைத் தொன் கணக்கிற் செய்யும் பொருளில் எவ்வளவுக்குக் காப்பாற்ற முடியும்?

ஒட்டுநாடாவினால் உலகச் சந்தைக்குப் பண்டம் செய்ய இயலாது. இன்று இரு பெரும் வழிகள் வழக்கிலுள்ளன. முதலாவது, தாளை அணுவணுவாகக் கட்டியெழுப்பும் வழி. செம்புத் தகட்டை ஆயிரம் பாகை சதம அளவுக்குச் சூடாக்கி, அதன்மேல் மெதேன் வாயுவைச் செலுத்துவர். மெதேன் சிதைந்து ஐதரசன் நீங்க, காபன் அணுக்கள் செம்பின்மேற் படர்ந்து ஒற்றைத் தாளாக இணைகின்றன. 2009ஆம் ஆண்டில் ரெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இம்முறையைச் செம்மைப்படுத்தினர். மறு ஆண்டிலே தென்கொரிய ஆய்வாளர் முப்பது அங்குலப் படலமொன்றை உருளைகளினூடே செலுத்தி உண்டாக்கிக் காட்டினர். இவ்வழியிற் கிடைப்பது தரமான படலம். ஆயின் செலவு மிகுதி. செம்பிலிருந்து அதனைக் கிழியாமல் அகற்றி வேறு பொருளின்மேல் ஒட்டுவதும் கடினம்.

இரண்டாவது, காரீயத்தைப் பிரித்துத் தூளாக்கும் வழி. காரீயத்தை வன்மையான அமிலத்தாலும் பொற்றாசியம் பரமங்கனேற்றாலும் தாக்கினால், அடுக்குகளுக்கிடையே ஒட்சிசன் புகுந்து அவற்றை விலக்கும். இவ்வாறு ஒட்சியேற்றிய அடுக்குகள் நீரிலே எளிதிற் பிரிந்து மிதக்கும். பிரோடி என்பவர் 1859ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஒட்சைட்டைச் செய்தார். 1958ஆம் ஆண்டில் ஹமர்ஸ், ஒப்மன் என்போர் வகுத்த முறை இன்றும் பெருவழக்கிலுள்ளது. கிடைக்கும் கிரபீன் ஒட்சைட்டு மின்கடத்தாது. அதிலிருந்து ஒட்சிசனை அகற்றினால் மின்கடத்தும் ஆற்றல் ஓரளவு மீளும். பட்ட வடு முற்றும் மறையாது. அமிலமின்றிப் பிரிக்கும் முறையும் உண்டு. அயர்லாந்தின் திரினிற்றிக் கல்லூரி ஆய்வாளர் 2014ஆம் ஆண்டில், காரீயத்தூளை நீரிலும் சவர்க்காரத் திரவத்திலும் கலந்து, சமையலறை அரைபொறியின் வேகத்தாலேயே அடுக்குகளைப் பிரிக்கலாம் என்று காட்டினர். இவ்வழிகளிற் கிடைப்பது மலிவான தூள். ஆனால் அதில் ஒற்றைத் தாள், சில அடுக்குத் தாள், தடித்த துகள் எல்லாம் கலந்திருக்கும்.

வணிகத்தில் இன்று பெருமளவிற் செல்வது இத்தூளே. அதன் தொழில் பெரும்பாலும் பிற பொருளுக்கு வலுவூட்டுவது. நெகிழிப் பொருளிலோ இறப்பரிலோ நுண்தகடுகளைச் சிறிதளவு கலந்தால், அவை எங்கும் பரவி நின்று வெடிப்பு ஓடுவதைத் தடுக்கின்றன, வெப்பத்தையும் பரப்புகின்றன. 2013ஆம் ஆண்டில் ஹெட் நிறுவனம் கிரபீன் கலந்த ரெனிஸ் மட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2018ஆம் ஆண்டில் ஃபோர்ட் நிறுவனம், தனது மோட்டார் வாகனங்களின் இயந்திரப் பகுதியிலுள்ள நுரைப் பாகங்களில் அரைச் சதவீதத்திற்கும் குறைவான கிரபீனைக் கலப்பதாக அறிவித்தது. அதனால் இரைச்சல் 17 சதவீதம் குறைந்ததென்றும் வெப்பந்தாங்கும் தன்மை 30 சதவீதம் உயர்ந்ததென்றும் அந்நிறுவனம் கூறியது. உலகையே மாற்றும் பொருள் என்று புகழப்பட்ட ஒன்று வாகனத்தின் உள்ளே கண்ணுக்குப் படாத நுரைத் துண்டிலே முதலிடம் பெற்றது. புதுப் பொருள்கள் பலவும் இவ்வாறு பழம்பொருளின் துணையாகவே கைத்தொழிலிற் புகுகின்றன.

கட்டிடத் தொழிலிலும் இதே முயற்சி நடைபெறுகின்றது. 2021ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏம்ஸ்பரி என்னும் ஊரில், மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன், கிரபீன் கலந்த கொங்கிறீற்றால் உடற்பயிற்சிக் கூடமொன்றின் தளம் இடப்பட்டது. கொங்கிறீற்று வலுக்கூடினால் குறைந்த அளவே போதும். உலகிலே மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்துத் தொழிலினால் உண்டாவதை எண்ணும்போது இம்முயற்சியின் பெறுமதி விளங்கும். கைத்தொலைபேசிகளில் வெப்பத்தை அகற்றவும் கிரபீன் படலங்கள் இடப்படுகின்றன. 2018ஆம் ஆண்டில் ஹுவாவே நிறுவனம் அவ்வகைத் தொலைபேசியொன்றை வெளியிட்டது. இலித்தியம் மின்கலங்களின் மின்வாய்களிலும் மின்னோட்டத்தை எளிதாக்கச் சிறிதளவு சேர்க்கப்படுகின்றது. கிரபீன் மின்கலம் என்று விளம்பரமாகும் பொருள்கள் பெரும்பாலும் இத்தகைய சேர்க்கை பெற்ற இலித்தியம் மின்கலங்களே என்பதை வாங்குவோர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

சில துறைகளில் எதிர்பார்த்ததற்கு மாறான விளைவும் நேர்ந்துள்ளது. வாயு புகாத கிரபீன் படலத்தைச் செம்பின்மேற் போர்த்தினால் அது என்றும் களிம்பு பிடியாது என்று முதலில் நம்பப்பட்டது. சிறிது காலத்துக்கு அது காக்கவும் செய்தது. ஆனால் படலத்தில் நுண்ணிய பழுதுகள் இருந்தமையால் அவ்வழியே ஈரமும் ஒட்சிசனும் புகுந்தன. கிரபீன் மின்கடத்தியாதலால், உலோகம் அரிபடுவதை அது துரிதப்படுத்தியது. போர்வையில்லாச் செம்பைவிடப் போர்த்த செம்பு விரைவிற் கெட்டதை ஆய்வாளர் கண்டனர். இன்று செய்யப்படும் துருத்தடுப்புப் பூச்சுகளில் நுண்தகடுகள் மின்கடத்தாத பிசினுக்குள் பொதிந்து வைக்கப்படுகின்றன. ஈரம் அத்தகடுகளைச் சுற்றிச் சுற்றி நெடுவழி செல்லவேண்டியிருப்பதே அங்கே கிடைக்கும் பாதுகாப்பு.

இலத்திரனியலிலும் தடையொன்று உண்டு. கணிப்பொறியின் உயிர்நாடியாகிய திரான்சிஸ்ரர் என்பது மின்னோட்டத்தைத் திறந்தும் மூடியும் இயங்கும் கதவு. சிலிக்கனில் அக்கதவை முற்றாக மூடலாம். இயல்பான கிரபீனிலோ மூடவியலாது. இலத்திரன் கடக்கவேண்டிய ஆற்றல் இடைவெளி அதில் இல்லாமையே காரணம். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்பக் கல்வி நிலைய ஆய்வாளர், சிலிக்கன் காபைட்டின்மேல் வளர்த்த கிரபீனில் இவ்விடைவெளியைத் தோற்றுவித்ததாக அறிவித்தனர். அது ஆய்வுகூட வெற்றி. தொழிற்சாலைக்கு வர இன்னும் காலம் செல்லும்.

இனி, வாங்குவோரும் விற்போரும் எதிர்நோக்கும் பெருஞ் சிக்கலுக்கு வருவோம். தூளாகக் கிடைக்கும் கிரபீனும் நுணுக்கி அரைத்த காரீயமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் கரிய பொடியே. விலையிலோ மிகுந்த வேறுபாடு. 2018ஆம் ஆண்டில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளரை உள்ளிட்ட குழுவினர், உலகெங்குமுள்ள அறுபது உற்பத்தியாளரின் பண்டங்களைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். பெரும்பாலானவற்றில் உண்மையான கிரபீன் பத்துச் சதவீதத்திற்கும் குறைவாகவே இருந்தது. எஞ்சியது நுண்காரீயம். கிரபீன் பயன் தரவில்லை என்று கைவிட்ட தொழிலதிபர் பலர், உண்மையில் கிரபீனைக் கையாண்டதே இல்லை என்னும் ஐயம் இதனால் எழுந்தது. பொய்ப் பெயரால் ஏமாறியவன் மெய்ப்பொருளையும் வெறுப்பான். நேர்மையான உற்பத்தியாளனுக்கும் அதனால் நட்டமே.

இதற்கு மருந்து அளவையே. ஓரடுக்குடையது கிரபீன், மூன்று முதற் பத்து அடுக்கு வரை உடையது சில அடுக்குக் கிரபீன் என்று சர்வதேச நியம நிறுவனம் 2017ஆம் ஆண்டிற் சொற்களை வரையறுத்தது. அடுக்குகளைக் கணக்கிடுவதற்கு மிகவும் பயன்படும் முறையொன்று தமிழ்மக்கள் நன்கறிந்த பெயரைத் தாங்கியுள்ளது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலே கண்டுபிடித்த ஒளிச்சிதறல் விளைவே அது. பொருளொன்றின்மேல் ஒருநிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் ஒரு சிறுபகுதி நிறம் மாறி வரும்; அம்மாற்றம் பொருளின் அணு அதிர்வுகளைக் காட்டும். ஒற்றைக் கிரபீன் தாளின் இராமன் நிறமாலையில் ஒரு கூரிய முனை தோன்றும். அடுக்குகள் கூடும்போது அம்முனை அகன்று வடிவம் மாறும். பழுதுகள் இருப்பின் வேறொரு முனை எழும். பொற்கொல்லனுக்கு உரைகல் எப்படியோ அப்படியே கிரபீன் வணிகனுக்கு இம்முறை.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். நுண்தூள் எதுவாயினும் சுவாசத்துட் செல்வது பற்றி விழிப்பு வேண்டும். 2021ஆம் ஆண்டிற் கனடா நாட்டுச் சுகாதாரத் துறை, கிரபீன் பூசிய முகக்கவசங்களை அணியவேண்டாமென மக்களை எச்சரித்தது. ஆராய்ந்தபின் சில வகைகளை மீண்டும் அனுமதித்தது. 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தூய கிரபீன் ஒட்சைட்டைக் குறைந்த அளவிற் சுவாசித்த தொண்டர்களிடம் குறுகிய காலத்திற் கேடேதும் காணப்படவில்லை. நீண்டகாலம் அத்தூளிடையே உழைக்கும் தொழிலாளருக்கு அம்முடிவு மட்டும் போதாது. தூள் பறவாமற் காக்கும் ஏற்பாடுகள் தொழிற்சாலைகளில் இருத்தல் இன்றியமையாதது.

இவையனைத்தும் இலங்கை மக்களுக்குத் தொலைதூரச் செய்தியல்ல. காரீயம் உலகிற் பல நாடுகளிற் கிடைப்பினும், பாறைப் பிளவுகளில் நரம்பாக ஓடி, வெட்டியெடுக்கும்போதே மிகத் தூயதாக விளங்கும் காரீயம் வணிக அளவில் எடுக்கப்படுவது இத்தீவிலேயே. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும், குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் சுரங்கங்கள் நிலத்தின்கீழ் ஆயிரம் அடிக்கும் மேலான ஆழத்திற் செல்கின்றன. அங்கே கிடைக்கும் சிறந்த துண்டுகளில் காபனின் அளவு 99 சதவீதத்தை எட்டும். உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்கு இலங்கைக் காரீயம் பெயர்பெற்றிருந்தது. முதலாம் உலகப் போரின்போது படைக்கல உற்பத்தியால் அதன் தேவை பெருகி, 1916ஆம் ஆண்டில் ஏற்றுமதி ஏறத்தாழ 33,000 தொன்னை எட்டியது. போர் முடிந்ததும் தேவை வீழ்ந்தது. மடகாஸ்கார்க் காரீயம் சந்தையிற் போட்டியிட்டது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. மண்ணிலிருந்து எடுத்ததை அவ்வண்ணமே கப்பலேற்றிய நாடு, பிறர் தேவை குன்றியபோது தானும் குன்றியது.

இன்று ஹோமாகமையிலே, 2008ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் உள்ளது. உள்நாட்டுக் காரீயத்திலிருந்து கிரபீன் ஒட்சைட்டும் அதன் வழிப்பொருள்களும் செய்யும் முயற்சிகள் அங்கிருந்து தோன்றியுள்ளன. மூலப்பொருள் தூயதாயிருப்பின் மாசகற்றும் வேலை குறையும். அது இலங்கைக்கு வாய்த்த நல்லூழ். எனினும் அதனையே முழுச் செல்வமென்று எண்ணுதல் பிழை. முன்னர்க் கூறியவாறு, மெதேன் வாயுவிலிருந்தும் கிரபீன் செய்யலாம். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், கழிவு நெகிழியையும் உணவுக் கழிவையும் மின்பாய்ச்சி ஒரு கணத்திற் சூடாக்கிக் கிரபீனாக மாற்றிக் காட்டினர். காரீயம் இல்லாத நாடும் கிரபீன் விற்கலாம். காரீயம் உள்ள நாடும் வெறுங்கையோடு நிற்கலாம்.

ஒரு தொன் காரீயத்திற்கும் சில கிராம் கிரபீனுக்கும் இடையே நிற்பவை பயின்ற கைகளும், அளக்கும் கருவிகளும், அளந்ததை மறைக்காத நேர்மையும் ஆகும். பைக்குள் இருப்பது எத்தனை அடுக்கு, எவ்வளவு தூய்மை, சென்ற மாதம் அனுப்பியதும் இம்மாதம் அனுப்புவதும் ஒன்றுதானா என்னும் வினாக்களுக்குச் சோதனைத் தாளோடு விடை தரவல்ல உற்பத்தியாளனிடமே வாகனத் தொழிலும் கட்டிடத் தொழிலும் மீண்டும் மீண்டும் வரும். இத்தீவின் பாடசாலைகளில் இரசாயனமும் பௌதிகமும் பயிலும் மாணவருக்கு இதிலே பணி நிரம்ப உண்டு. தத்தம் பென்சிலின் நுனியில் உள்ள பொருளை அவர்கள் அளக்கக் கற்றால், சுரங்கத்தின் ஆழத்திலிருந்து வரும் கரிய கல் மூட்டையாகக் கப்பலேறும் நிலை மாறி, பெயரும் பொருளும் ஒத்த பண்டமாகச் சந்தைக்குச் செல்லும்.